மூன்றாவது நகர்த்தலுக்கு ஒரு குறி

சீனக்குடா மாவாலையில் எனக்கு எடைமேடை வேலை.
லொறி ஏறும். எண் ஆடி நிற்கும். எழுதுவேன்.
இறக்கிவிட்டு வெறுமையாய் வரும்போது
இன்னொரு தடவை எழுதுவேன்.
கழித்தால் வருவதுதான் சரக்கு.
பத்தொன்பது வருடம் வேறெதையும் நம்பவில்லை.

சஹ்லா கிண்ணியாப் பாலம் கடந்து வந்தவள்.
மருந்துக்கடைப் பேனா, முழங்கையில் ஹெல்மெட்.
நூலக மேல்மாடி, ஏழாம் மேசை.
விசிறிக் காற்றுக்குப் புள்ளித்தாள் பறக்காமல்
உப்புவெளிச் சிப்பி ஒன்றை மேலே வைத்தாள்.
நான் வெள்ளை.

ராஜாவின் காலாள் இரண்டு கட்டம். அவளும் இரண்டு.
குதிரை. குதிரை.
பிறகு ஸ்பானிய முறை:
என் மந்திரியைக் கொண்டுபோய்
அவள் குதிரைக்குக் குறி வைத்தேன்.
நானூறு வருடத்துக்கு மேலாக
உலகம் இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.
ஓரக் காலாளைத் தள்ளலாம்,
மற்றக் குதிரையை எடுக்கலாம்,
எதுவென்றாலும் எனக்கு இருபது நகர்த்தல் மனப்பாடம்.

அவள் தன் மந்திரியைத் தூக்கி
என் மந்திரிக்கு நேர்முன்னே வைத்தாள்.

பி-நான்கு.
எதையும் தாக்கவில்லை. எதையும் காக்கவில்லை.
வெள்ளைக் கட்டத்தில் என்னுடையவர்,
கறுப்புக் கட்டத்தில் அவளுடையவர்.
மூக்கோடு மூக்கு முட்ட நின்றாலும்
ஆட்டம் முடியும்வரை
ஒருவரையொருவர் தொடவே முடியாதவர்கள்.

சிரிப்பு வந்தது. அடக்கினேன்.
சின்னக் காலாளால் தட்டினேன், ஓரத்துக்குப் போனார்.
ஒரு நகர்த்தல் இலாபம் என்று மனம் எழுதியது.
அந்தக் காலாள் போய் நின்றது
என் குதிரைக்கென்று வைத்திருந்த கட்டம்.
அதை எழுதவில்லை.

கோட்டை கட்டினேன். நடுவைத் திறந்தேன்.
அவளும் திறந்தாள். வெட்டினேன். ராணி வந்தாள்.
ராணியை விரட்டக் குதிரையைப் பாய்ச்சினேன்,
காலியாகியிருந்த அதே கட்டத்துக்கு.
ஓரத்தில் சும்மா கிடந்தவர் எழுந்து வந்து
அதைத் தின்றார்.
கைப்பழக்கம், பதிலுக்குத் தின்றேன்.
ஐந்தாம் வரிசையில் ஒரு கட்டம் தாண்டி
ராணி என் ஸ்பானிய மந்திரியை எடுத்தாள்.
எடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

வாசலில் இறங்கிக் கைகொடுக்கும்போது
புள்ளிமான் ஒன்று என் பையிலிருந்த தாளை இழுத்தது.
பாதி ஆட்டம் அதன் வாயில்.
மீதியைப் பிடுங்க எனக்குத் தோன்றவில்லை.

இரவு வேலை. லொறி குறைவு.
எடைமேடைக் கூண்டில் நினைவிலிருந்து அடுக்கி
கைப்பேசி எஞ்சினிடம் கேட்டேன்.
மூன்றாவது நகர்த்தலுக்குப் பிறகு
வெள்ளைக்கு முக்கால் காலாள் சாதகம் என்றது.
ஒரு மணிக்கும் அதையே சொன்னது. மூன்று மணிக்கும்.
முக்கால்.
காலாளில் கால் கழித்தால்
மிச்சம் ஆள்.

அந்த ஆளை நான் எடை போடவில்லை.

கொப்பியில் அந்த நகர்த்தலின் பக்கத்தில்
கேள்விக்குறி போட்டிருந்தேன்.
வெட்டினேன். கேள்விக்குறியோடு ஒரு வியப்புக்குறி:
சந்தேகமானது, ஆனாலும் துணிச்சல்.

அடுத்த கிழமை பேருந்து நிலையத்தில் கண்டு கேட்டேன்:
ஏன் அங்கே வைத்தீர்கள்?
“ஐயோ, அது கை வழுக்கிட்டு அண்ணன்.
சி-அஞ்சில வைக்கத்தான் போன.
விட்டாப் பிறகு எடுக்க ஏலாதே.”
மூதூர் பஸ் வந்தது. ஹெல்மெட் இல்லாத கையால்
தலைமுக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

கூண்டுக்கு வந்து இரண்டு குறியையும் வெட்டினேன்.
வழுக்கிய கைக்கு என்ன குறி போடுவது?
தராசில் ஏறாத லொறிக்குப்
பற்றுச்சீட்டு எழுதச் சொன்னதுபோல்.

நேற்று ஞாயிறு.
வங்கிக்காரர் அந்தோனிமுத்து வெள்ளை, மூன்றாம் மேசை.
என் ஆட்டத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன்.
காலாள், காலாள். குதிரை, குதிரை.
ஸ்பானிய மந்திரி.

சிப்பியைத் தாளின் மேல் நகர்த்தி வைத்தாள்.
மந்திரியைத் தூக்கினாள்,
அவசரமே இல்லாமல்,
பி-நான்கின் நடுவில் வைத்து
விரலை எடுக்காமல்
என்னைப் பார்த்தாள்.

பிறகுதான் எடுத்தாள்.

வியப்புக்குறியை முதலில் எழுதினேன்.